ஏர்பிரஷ்ஷை எத்தனை முறை, எவ்வளவு ஆழமாகக் கழுவ வேண்டும்?

கொலுப்படி | அல்சூர்

எல்லோருக்கும் வணக்கம். பழைய கொலு பொம்மைகளுக்கு மறுபடி வண்ணம் பூசித் தரும் வேலையை நான்கு வருஷமாக வீட்டிலிருந்தே செய்து வருகிறேன். மண் பொம்மை, காகிதக்கூழ் பொம்மை இரண்டும் வரும். போன வருஷம் வரைக்கும் எல்லாம் கைத்தூரிகைதான், இந்த வருஷம் காற்றழுத்தத்தில் வண்ணத்தைப் பனி மாதிரித் தூவும் ஏர்பிரஷ்ஷுக்கு மாறினேன். 0.3 மி.மீ. நாசில் (வண்ணம் வெளியே வரும் முனை), மேலே வண்ணத்துக்குக் கப் வைத்த டபுள் ஆக்‌ஷன் வகை. ட்ரிகரைக் கீழே அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். பூசுவது பெரும்பாலும் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக். கிரீடம், நகை, பட்டுக்கரைக்கு மட்டும் தங்க மெட்டாலிக்.

என் கேள்வி இதுதான். நான் ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் பிரஷ்ஷை முழுவதும் கழற்றுகிறேன். ஊசி, நாசில், முன்மூடி எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்துக் கிளீனரில் ஊறவைத்து, பல் இடுக்குக்குப் போடும் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துத் திரும்ப மாட்டுவதற்கு இருபது நிமிஷம் ஆகிறது. இப்போது கையில் இருப்பது ஒரு தசாவதார செட். பத்து பொம்மை, ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நிறம். பூசும் நேரத்தைவிடக் கழுவும் நேரம்தான் அதிகம். நவராத்திரிக்கு ஐந்து வாரம்கூட இல்லை, இதற்குப் பின்னால் இன்னும் மூன்று வீட்டுப் பொம்மைகள் காத்திருக்கின்றன.

இவ்வளவு கழுவியும் இரண்டு வாரமாகப் பிரஷ் துப்புகிறது. பனி மாதிரி வர வேண்டியது நடுவில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறது. வாமனர் முகத்தில் அப்படித் தெறித்து, முகத்தையே தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. கழுவியது போதவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். இதற்கு மேல் எப்படிக் கழுவுவது? நீங்கள் எல்லாம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை முழுவதும் கழற்றுகிறீர்கள்?

ஒட்டுமாடல்72 | விவேக் நகர்

நிறத்துக்கு நிறம் கழற்றத் தேவையே இல்லை மேடம். நான் பதினோரு வருஷமாக 1/72 அளவு விமான மாடல்கள் செய்கிறேன், ஒரு நாளில் ஆறு நிறம் மாற்றினாலும் நடுவில் ஊசியைத் தொட மாட்டேன்.

மிச்ச வண்ணத்தைக் கொட்டிவிட்டுக் கப்பின் உள்சுவரை டிஷ்யூவால் ஒரு சுற்றுத் துடைப்பேன். கால் கப் தண்ணீர் விட்டு, பழைய தூரிகையால் கப்பின் அடிக்குழியைக் கலக்கி, ட்ரிகரை முழுக்கப் பின்னால் இழுத்து அடித்துவிடுவேன். இரண்டாவது தடவை தண்ணீர் விட்டதும் முன்மூடியின் வாயைத் துணியால் லேசாக மூடிக்கொண்டு ட்ரிகரை மெல்ல அழுத்தி லேசாகப் பின்னால் இழுத்தால் காற்று பின்பக்கமாகக் கப்புக்குள் குமிழியிட்டு வரும், உள்ளே ஒளிந்திருக்கும் வண்ணமும் அதோடு கிளம்பி வரும். மெல்ல என்றால் மெல்லத்தான், இல்லாவிட்டால் முகமெல்லாம் தெறிக்கும். அதைக் கொட்டிவிட்டுத் திரும்பச் சுத்தமான தண்ணீர், வெள்ளை டிஷ்யூவில் அடித்தால் நிறம் இல்லாமல் வரும் வரைக்கும். கடைசியில் சில சொட்டு கிளீனர். மொத்தம் இரண்டு நிமிஷம்.

நாள் முடிவில் ஊசியை வெளியே எடுத்துத் துடைப்பேன், கப்பின் அடிக்குழியை நன்றாகப் பார்ப்பேன். நாசிலைக் கழற்றுவது வாரத்துக்கு ஒரு முறை, அல்லது பிரஷ் நடத்தை மாறினால்.

பைக்டேங்க் | கலாசிபாளையம்

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெல்மெட், பெட்ரோல் டேங்க் எல்லாம் அடிக்கிறேன், பதினாறு வருஷ அனுபவம். எங்கள் கடையில் வேலை முடிந்தால் பிரஷ் முழுவதும் பிரிந்து தட்டில் கிடக்க வேண்டும், பையன்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது இதுதான். அடித்து முடித்து டீ குடிக்கப் போய்விட்டு வந்து கழுவலாம் என்று நினைத்தவர்களால் மூன்று பிரஷ் போயிருக்கிறது.

நாங்கள் மேலே போடுவது 2கே கிளியர், அதாவது இரண்டு திரவம் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு. அதில் ஹார்டனர் கலந்த நிமிஷத்திலிருந்தே இறுக ஆரம்பித்துவிடும். காற்றில் காய்வது வேறு, இது உள்ளுக்குள்ளேயே வேதிமுறையில் இறுகுவது. கப் மூடியிருந்தாலும் இறுகும், தின்னர் கலந்திருந்தாலும் இறுகும். ஒரு தடவை இறுகிவிட்டால் என்.சி. தின்னரும் கரைக்காது, அசிட்டோனும் கரைக்காது. அதனால் லேசாக அலசி வைத்தால் போதும் என்று பொதுவாக யாரும் சொல்லாதீர்கள், கேட்டுவிட்டு யாராவது 2கே வேலையில் அதைச் செய்து பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. அதை அடிக்கும்போது தூசி மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்பது எதுவும் போடாமல் நிற்பதற்குச் சமம். வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். வீட்டு பால்கனியில் 2கே அடிக்காதீர்கள்.

ஒட்டுமாடல்72 | விவேக் நகர்

அண்ணா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நான் வண்ணத்தைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு கழுவ வேண்டும் என்பது காய்ந்த வண்ணம் திரும்பக் கரையுமா என்பதைப் பொறுத்த விஷயம்.

லாக்கர் இருக்கிறது, மிஸ்டர் கலர், டாமியா எல்.பி. வரிசை மாதிரி. அது கரைப்பான் ஆவியாகிக் காய்வது மட்டும்தான், திரும்ப அதே தின்னரை விட்டால் நேற்றுக் காய்ந்ததும் இன்று கரைந்து வரும். லாக்கர் அடிக்கும் வாரங்களில் நான் நாசிலைக் கழற்றுவதே இல்லை, தின்னர் ஓட்டினாலே போதும். டாமியாவின் சாதாரண அக்ரிலிக்கும் ஆல்கஹாலுக்கும் லாக்கர் தின்னருக்கும் நன்றாக இளகும்.

மேடம் அடிக்கிற நீர் அக்ரிலிக் அப்படி இல்லை. அதில் பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் போனதும் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகிவிடும். அந்தத் தோல் தண்ணீரில் கரையாது, உரிந்து செதில் செதிலாக வரும், செதில் போய் நாசில் வாயில் உட்காரும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே அலசிவிட்டால் வெறும் தண்ணீர் போதும், காயவிட்டால் கிளீனரில் போட்டு ஊசியும் கையுமாக உட்கார வேண்டும். அண்ணனுடைய 2கே இந்த வரிசையின் கடைசி முனை, காய்ந்தால் திரும்பவே திரும்பாது.

கேக்கடுப்பு | ஃப்ரேசர் டவுன்

நான் இன்னொரு உலகத்திலிருந்து வருகிறேன், கேக்குக்கு ஏர்பிரஷ் அடிப்பவள். என் பிரஷ்ஷில் பெயின்ட் ஒரு சொட்டுகூடப் போனதில்லை, போகவும் கூடாது. பொம்மைக்கு அடித்த பிரஷ்ஷை நன்றாகக் கழுவினால் கேக்குக்கு வைத்துக்கொள்ளலாமா என்று வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். கூடவே கூடாது. எவ்வளவு தேய்த்தாலும் ஊசி நுழைகிற வளையத்தில் கொஞ்சம் தங்கும்.

எங்களுக்குத் தினமும் முழுக் கழற்றல் கட்டாயம். அடைப்புக்காக மட்டும் இல்லை, சாப்பிடும் பொருள் உள்ளே ஈரத்தோடு இரவு முழுவதும் இருக்கக் கூடாது என்பதற்காக. தண்ணீர் நிறம் என்றால் சூடான தண்ணீர், சோப்பு, அலசல், கடைசியில் வோட்கா ஓட்டி உலரவிடுவேன். சாக்லேட்டுக்கு அடிக்கும் கொக்கோ பட்டர் நிறம் வேறு மாதிரி. கொக்கோ பட்டர் 34 டிகிரி பக்கத்தில்தான் உருகும், பெங்களூரு குளிரில் டிசம்பரில் நாசிலுக்குள்ளேயே உறைந்துவிடும். அதற்குப் பச்சைத் தண்ணீர் விட்டால் இன்னும் கெட்டியாகும். ஹேர் டிரையரில் பிரஷ்ஷைச் சூடாக்கி, வெதுவெதுப்பான எண்ணெய் ஓட்டி எடுத்த பிறகுதான் சோப்புத் தண்ணீர்.

பழைய_சைன்போர்டு | ஸ்ரீராம்புரம்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நான் சிவாஜிநகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ரீடச் செய்துகொண்டிருந்தவன், பிறகு விளம்பரப் பலகை வரைந்தேன். அப்போது ஸ்டுடியோ முழுவதற்கும் ஒரே ஒரு ஏர்பிரஷ். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது. நாசில் போனால் திரும்ப வாங்க வழி கிடையாது. அந்த ஒரு நாசிலை வைத்து ஒன்பது வருஷம் ஓட்டினோம்.

எப்படி ஓட்டினோம் என்றால், அதைக் கழற்றாமல். என் குரு பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் கிண்ணம் வைத்திருப்பார், இரண்டிலும் தண்ணீர். நிறம் மாற்றினால் முதல் கிண்ணத்தில் அலசல், இரண்டாவதில் சரிபார்ப்பு. வேலையை நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசத் திரும்பினால்கூடக் கப்பில் தண்ணீர் விட்டு ஒரு தடவை ஊதிவிட்டுத்தான் பேசுவார். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஈரத்தூரிகையால் ஊசி நுனியை ஒரு தொடு தொட்டு எடுப்பார், காற்று படுகிற நுனியில்தான் வண்ணம் முதலில் காயும். இங்கே பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டுவிடும், அந்த மாதங்களில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை. அந்த நுனியைக் கவனிக்காமல் விட்டால் பிறகு எத்தனை மணி நேரம் கழுவினாலும் அன்றைய வேலையில் தெறித்தது தெறித்ததுதான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கப்பில் வெறும் தண்ணீர் விட்டு, முன்பக்கத்தை எதுவும் மூடாமல், ட்ரிகரைப் பின்னால் இழுக்காமல் காற்றுக்கு மட்டும் கீழே அழுத்துங்கள். கப்பில் குமிழி வருகிறதா?

கொலுப்படி | அல்சூர்

ஐயா, வருகிறது. சோடா மாதிரிச் சின்னச் சின்னக் குமிழி. இதுவரை வண்ணத்தில் நுரை மாதிரி தெரிந்ததே தவிர, தண்ணீர் விட்டுப் பார்த்ததில்லை. இது அழுக்கா?

லேத்_பீனியா | ராஜாஜிநகர்

அழுக்கு இல்லை மேடம். காற்று போகக் கூடாத வழியில் போகிறது. நான் பீனியாவில் சின்ன டர்னிங் ஷாப் வைத்திருக்கிறேன், ஏர்பிரஷ் என் மகனுடையது, ஆனால் உள்ளே நடப்பது எனக்குப் பழக்கமான விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நாசில் என்பது ஒரு சின்னக் கூம்பு, அதன் வாய் 0.3 மி.மீ. ஊசியின் நுனியும் கூம்பு. ஊசி முன்னால் போய் நாசில் வாயில் உட்கார்ந்தால் வண்ணம் நிற்கும், பின்னால் வந்தால் வழி திறக்கும். காற்று நாசிலுக்கு வெளியே சுற்றிப் போகிறது, வண்ணம் உள்ளே போகிறது, இரண்டும் வாய்க்கு வெளியில்தான் சந்திக்க வேண்டும். கப்பில் குமிழி வந்தால் காற்று நாசிலைத் தாண்டி உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு இடத்தில் புகலாம். நாசில் மரையில் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது நாசில் வாய் கிழிந்திருக்கலாம்.

முதலில் செலவில்லாத சோதனை. நாசிலைக் கழற்றி, மரையில் தேன்மெழுகு ஒரு துளி தடவி, திரும்பக் கையால் மாட்டி, கூடக் கொடுத்த சாவியால் மிக லேசாக இறுக்குங்கள். குமிழி நின்றால் மரைதான் காரணம். நிற்காவிட்டால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நாசில் வாயை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். வட்டம் முழு வட்டமாக இருக்கிறதா, ஓரத்தில் மயிரிழை மாதிரிக் கோடு இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்றி மாட்டுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மரை ஒரு மி.மீ. சில்லறை அகலம், பித்தளையில் வெட்டியது. தினமும் பத்துப் பதினைந்து தடவை கழற்றி இறுக்குவதற்காக யாரும் அதை வடிவமைக்கவில்லை. அதைவிட முக்கியம், ஊசியைத் திரும்பப் போடும்போது கடைசியில் ஒரு அழுத்து அழுத்துவீர்களா? பலரும் வண்ணம் ஒழுகக் கூடாது என்று அழுத்துவார்கள். அந்த ஒவ்வொரு அழுத்தும் நாசில் வாய்க்குள் ஆப்பு அடிப்பது மாதிரி. கடினமான ஊசி, மெல்லிய வாய். முதலில் வாய் விரியும், பிறகு கிழியும். ஊசி தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே நட்டை இறுக்கிவிட வேண்டும்.

கொலுப்படி | அல்சூர்

மெழுகு வைத்தும் குமிழி நிற்கவில்லை. அல்சூரில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் கண்ணில் மாட்டும் லென்ஸ் கொடுத்தார், அதில் பார்த்தேன். நீங்கள் சொன்ன மயிரிழை இருக்கிறது சார். வாயில் ஒரு பக்கம் வெடித்து லேசாக வெளியே மடிந்திருக்கிறது.

நான் அழுத்தித்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், தங்கம் அடைத்துக்கொண்ட போதெல்லாம் தையல் ஊசியை நாசிலுக்குள் விட்டுக் குத்தியிருக்கிறேன். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன். இரண்டு வாரமாகத் துப்பும்போதெல்லாம் கழுவியது போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாகக் கழற்றினேன், அதனால் இன்னும் கெட்டிருக்கிறது என்று இப்போது புரிகிறது. புது நாசில் ஆர்டர் செய்துவிட்டேன்.

லேத்_பீனியா | ராஜாஜிநகர்

மனசு கஷ்டப்பட வேண்டாம் மேடம், நாசில் தேயும் பாகம்தான், மாற்றத்தான் திருகி வைத்திருக்கிறார்கள். ஊசி நுனியையும் பாருங்கள். வெள்ளைத் தாளில் வைத்து உருட்டினால் நுனி வட்டம் போடக் கூடாது. கொக்கி மாதிரி வளைந்திருந்தால் புது நாசிலையும் அது கிழிக்கும். லேசான வளைவு என்றால் 2000 நம்பர் எமரித் தாளில் ஊசியை உருட்டிக்கொண்டே நுனிப் பக்கமாக இழுத்தால் நேராகும். குறுக்காகத் தேய்க்காதீர்கள்.

அப்புறம் நாசிலுக்குள் தையல் ஊசி வேண்டவே வேண்டாம். கிளீனரில் கால் மணி நேரம் ஊறவைத்து, டிஷ்யூவை நூலாகத் திரித்துப் பின்பக்கத்து அகல வாயிலிருந்து விட்டுச் சுழற்றினால் போதும்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். பத்து பொம்மை, எட்டு நிறம் என்றீர்கள். ஒரு பொம்மையை எடுத்து எட்டு நிறமும் முடித்துவிட்டு அடுத்த பொம்மைக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் எண்பது தடவை கழுவ வேண்டும். எங்கள் ஷாப்பில் ஒரு பீஸுக்கு மூன்று ஆபரேஷன் இருந்தால் ஒரு டூலை செட் செய்து அந்த ஆபரேஷனை எல்லாப் பீஸுக்கும் முடித்துவிட்டுத்தான் அடுத்த டூலை மாட்டுவோம். நீங்களும் பத்து பொம்மைகளையும் வரிசையாக நிறுத்தி, ஒரு நிறத்தை எடுத்தால் பத்திலும் அந்த நிறம் வரும் இடம் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். கழுவுவது எட்டே தடவை. முதல் பொம்மையில் அடித்தது பத்தாவது முடிவதற்குள் காய்ந்தும் இருக்கும்.

பழைய_சைன்போர்டு | ஸ்ரீராம்புரம்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், அவர் அழகாகச் சொல்லிவிட்டார். வரிசை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். முதலில் முகத்துத் தோல் நிறம், பிறகு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. மஞ்சளுக்குப் பிறகு சிவப்பு அடித்தால் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் தங்கினாலும் யாருக்கும் தெரியாது. சிவப்புக்குப் பிறகு மஞ்சள் அடித்தால் நரசிம்மத்தின் பிடரி முழுவதும் சிவந்துவிடும். தங்கம் எல்லாவற்றுக்கும் கடைசி. அதில் இருப்பது தூள் இல்லை, தகடு. ஒரு தகடு உள்ளே தங்கினால் நாலு நாள் கழித்துக் கிருஷ்ணன் கன்னத்தில் மினுங்கும்.

ஹெப்பால்_புதுசு | ஹெப்பால்

நானும் நீர் அக்ரிலிக்தான் அடிக்கிறேன். எல்லாரும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நல்லது என்கிறார்கள் என்று வண்ணத்தைக் கொட்டியதும் நேராக அதை ஊற்றுகிறேன். கப்பில் பசை மாதிரி நூல் நூலாக வருகிறது. ஆல்கஹால் மட்டமானதா?

ஒட்டுமாடல்72 | விவேக் நகர்

ஆல்கஹால் நல்லதுதான், ஊற்றிய நேரம்தான் தவறு. வல்லேஹோ மாதிரியான நீர் அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது ஆல்கஹால் பட்டால் பால் திரிவது மாதிரித் திரிந்துவிடும், அந்தத் திரட்டு நாசிலில் சிக்கிக்கொள்ளும். லாக்கர் தின்னரும் அப்படித்தான். முதலில் தண்ணீர் விட்டு நிறம் போகும் வரை அலசுங்கள், பிறகு அதே வண்ணக் கம்பெனி தரும் கிளீனர், ஆல்கஹால் வேண்டுமானால் எல்லாம் போன பிறகு கடைசியாக. நாசிலில் காய்ந்து போன தோலை இளக்க அதே ஆல்கஹால் நன்றாக உதவும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பாதிப் பேர் வீட்டில் போர்வெல் தண்ணீர், குழாய் வாயில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு நாசிலிலும் படியும். பகலில் அலசக் காவிரித் தண்ணீரோ போர்வெல்லோ பரவாயில்லை, இரவு எடுத்து வைக்கும் முன் கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வையுங்கள், ஒரு கேன் மாசக்கணக்கில் வரும்.

பைக்டேங்க் | கலாசிபாளையம்

அல்ட்ராசோனிக் கிளீனரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எஸ்.பி. ரோட்டில் மூக்குக் கண்ணாடி, நகை கழுவும் சின்ன மெஷின் கிடைக்கிறது. நாசிலையும் முன்மூடியையும் அதில் போட்டுத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஐந்து நிமிஷம் ஓட்டினால் தையல் ஊசிக்கு வேலையே இல்லை. ஊசியை அதில் போடாதீர்கள், தொட்டிச் சுவரில் அதிர்ந்து நுனி போய்விடும். தொட்டியில் தின்னரோ அசிட்டோனோ ஆல்கஹாலோ நேராக ஊற்றவே கூடாது, மெஷின் சூடாகும், ஆவி பற்றிக்கொள்ளும். கரைப்பான் கண்டிப்பாக வேண்டும் என்பவர்கள் அல்ட்ராசோனிக்கை மறந்துவிட்டு மூடி போட்ட சின்னப் பாட்டிலில் ஊறவைத்தாலே போதும்.

இரவு முழுவதும் பிரஷ்ஷை அப்படியே தின்னரில் மூழ்க வைக்கும் பழக்கமும் வேண்டாம். உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது, விலை குறைந்த பிரஷ்களில் ஊசி நுழைகிற இடத்தில் இருப்பது ரப்பர் வளையம், அது ஊதிவிடும். நல்ல பிரஷ்களில் டெஃப்லான் வளையம் இருக்கும், அது தாங்கும், ஆனால் கீழே காற்று வால்வில் இருப்பது அதிலும் ரப்பராக இருக்கலாம். வாங்கும்போதே ரெண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுவும்போது பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள், வண்ணத் தண்ணீர் ட்ரிகர் குழிக்குள் இறங்கும்.

லேத்_பீனியா | ராஜாஜிநகர்

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களை வைத்துக் கழுவலாம் என்று பல வீடியோவில் காட்டுகிறார்கள். அலசிவிட்டு உடனே தண்ணீர் ஓட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஊறவைக்காதீர்கள். பிரஷ் உடம்பு பித்தளை, மேலே குரோம் பூச்சு. பூச்சு தேய்ந்த இடத்தில் அம்மோனியா பித்தளையைத் தின்னும், பச்சையாகக் கிளம்பும். உள்ளே மரைகளில் பூச்சு எப்போதுமே மெல்லியதுதான்.

ஊசியை வெளியே எடுப்பதிலும் கவனம் வேண்டும். வண்ணம் இருக்கும்போது பின்பக்கமாக உருவினால் ஊசியில் ஒட்டியிருப்பது எல்லாம் அந்த வளையத்தில் வழிந்து காயும், பிறகு ட்ரிகர் பிசுபிசுவென்று திரும்பி வராது. முதலில் அலசல், பிறகுதான் ஊசி. என் மகன் நாசிலைக் கழற்றிவிட்டு ஊசியை முன்பக்கமாகவே உருவுகிறான், அதுவும் நல்ல வழி. திரும்பப் போடும்போது ஊசியின் நடு உடம்பில் மட்டும் ஏர்பிரஷ்ஷுக்கென்று விற்கும் லூப் (மசகு எண்ணெய்) ஒரு துளி.

பைக்டேங்க் | கலாசிபாளையம்

சிலிக்கான் ஸ்பிரே மட்டும் வேண்டாம். ஒரு துளி வண்ணத்தில் கலந்தாலும் அடித்த இடமெல்லாம் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாகப் பிரியும், ஒரு டேங்கை முழுவதும் தேய்த்து எடுத்திருக்கிறேன். அப்புறம் கழுவிய தின்னரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூடி போட்ட டப்பாவில் வைத்தால் வண்ணம் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். தின்னர் டப்பா இருக்கும் அறையில் சாமி விளக்கு எரியக் கூடாது, கொலு வேலை செய்கிறவர்கள் என்பதால் சொல்கிறேன்.

கொலுப்படி | அல்சூர்

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, வேலை நெருக்கம். புது நாசில் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தண்ணீர் விட்டுக் காற்றை மட்டும் அழுத்தினேன், ஒரு குமிழிகூட இல்லை. ஊசி நுனியில் லேசான கொக்கி இருந்தது, எமரித் தாளில் உருட்டி எடுத்தேன். இப்போது ஊசியைப் போடும்போது அது நிற்கும் இடத்தில் கையை எடுத்துவிடுகிறேன்.

பத்து அவதாரங்களையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்திவிட்டேன். முதல் நாள் தோல் நிறம், மஞ்சள். இரண்டாம் நாள் ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. மூன்றாம் நாள் நீலம், கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் இரண்டு நிமிஷ அலசல், அவ்வளவுதான். பக்கத்தில் ஐயா சொன்ன மாதிரி இரண்டு கண்ணாடிக் கிண்ணம். போன் வந்தால் முதலில் கப்பில் தண்ணீர். இரவில் ஊசியை எடுத்துத் துடைக்கிறேன். நாசிலை இந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டே தடவை கழற்றினேன், இரண்டு தடவையும் உள்ளே பெரிதாக எதுவும் இல்லை.

பொம்மையிலிருந்து பொம்மைக்குப் போகும்போது கவனம் சிதறும் என்று பயந்தேன். உண்மையில் ஒரே சிவப்பைப் பத்துப் பேருக்கும் ஒரே மூச்சில் அடித்ததில் பரசுராமர் வேட்டிக் கரைக்கும் ராமர் அங்கவஸ்திரத்துக்கும் நிறம் ஒன்றாக வந்திருக்கிறது, முன்பெல்லாம் நான் கலக்கும் சிவப்பு நாளுக்கு நாள் மாறும். வாமனர் முகம் திரும்ப அடித்தேன். சுத்தமாக வந்திருக்கிறது.

தங்கம் மட்டும் பாக்கி. அதற்குத் தனியாக இன்னொரு பிரஷ் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன், விலை குறைந்ததாகவே இருக்கட்டும். எந்த நாசில் வாங்குவது?

ஒட்டுமாடல்72 | விவேக் நகர்

0.5 வாங்குங்கள் மேடம், தகடு தடையில்லாமல் போகும். வண்ணத்தை ஊற்றும் முன் பழைய நைலான் துணியில் வடிகட்டுங்கள், கப்பில் ஊற்றிய பிறகும் தூரிகையால் அவ்வப்போது கலக்கிக்கொண்டே இருங்கள், தங்கம் அடியில் தங்கும். அந்தப் பிரஷ்ஷை மட்டும் தினமும் கழற்றிக் கழுவினாலும் தப்பில்லை.

கொலுப்படி | அல்சூர்

0.5 ஆர்டர் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை மச்சாவதாரத்தின் செதில்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.